ஏரிக்கரையில் குனிந்து நின்றவன்

அடுகோடியில் கேத்தரினைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவள் படம் போடுகிறவள். இன்னொன்று, புருஷனின் தோள்பட்டை எலும்பைத் தோசைக்கல்லால் உடைத்தவள். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் அவர்கள் குரலில் சுவை ஏறும். எலும்பு உடைவதற்கு முன்னால் அத்தனை வருஷம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு டம்ளர் விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒரு பெண் விழுந்தால் மட்டும் கேட்காது.

அவள் புருஷன் யூஜின் ராத்திரியில் அடிக்கிற ரகம் இல்லை. ராத்திரி அவன் தங்கம். குடித்துவிட்டு வந்தாலும் பாட்டுப் பாடுவான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மிக்சர் வாங்கி வருவான். சர்ச் ஃபுட்பால் டீமில் ஒரு காலத்தில் பேர் வாங்கியவன். அந்த டீமின் சிவப்பு ஜெர்சியைத்தான் தினமும் போட்டுக்கொண்டு படுப்பான். வினையெல்லாம் விடிகாலையில். போதை இறங்கித் தலையைப் பிளக்கும்போது விழிப்பான். விழித்ததும் யார் மேலாவது ஆத்திரம் வந்தாக வேண்டும், வீட்டில் இருப்பதோ ஒருத்தி. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு பெல்ட்டைத் தேடுவான்.

அந்த பெல்ட்டை கேத்தரின் ஒருமுறை ஒளித்து வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவன் கைக்கு அகப்பட்டது இஸ்திரிப் பெட்டி. அதற்குப் பிறகு பெல்ட்டே தேவலை என்று ஆகிவிட்டது. ஆனால் ஒரு காரியம் செய்வாள். படுக்கும் முன் பெல்ட்டைக் கட்டிலுக்கு அடியில் சுவர் வரைக்கும் தள்ளி வைத்துவிடுவாள். நன்றாகக் குனிந்தால்தான் எட்டும். அந்தச் சிவப்பு முதுகு குனிந்திருக்கும் நேரம்தான் அவளுக்கு வாய்த்த நேரம். தாழ்ப்பாளைத் திறந்து ஓடிவிடுவாள். சில நாள் தப்புவாள். சில நாள் தாழ்ப்பாள் மக்கர் பண்ணும், அன்றைக்கு முதுகு பிய்ந்து போகும்.

ஓடி எங்கே போவாள்? ஓசூர் ரோட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஹெப்பகோடிக்குப் போவாள். அங்கேதான் அவள் வேலை பார்க்கும் தையல் ஃபேக்டரி. தைத்து முடித்த சட்டைகளைத் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் செக்கர் வேலை. ஃபேக்டரி கேட் திறக்க ரொம்ப நேரம் இருக்கும். பின்னால் கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரி. அதன் கரையில் போய் உட்கார்ந்து, உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரை வெறித்தபடி இருப்பாள். எதிரே பொழுது விடிவது அவள் கண்ணில் படவே படாது. காது முழுக்கப் பின்பக்கம்தான் இருக்கும். ஒரு நாய் நடந்தால்கூடத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். யூஜினின் பெல்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, அதனால் அவளுக்கும் கிடையாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் ஐந்தாறு பேர் குட்டி ஸ்டூல்களைப் போட்டு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, வீணா என்று பேர், ஏதோ ஆபீஸில் வேலை, கேத்தரினைப் பார்த்துக் கையசைத்தாள்.

“மேடம், கொஞ்சம் தள்ளி உட்காருங்க. லைட்டை மறைக்கிறீங்க.”

கேத்தரினுக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டில்தான் இருக்க இடமில்லை, ஏரிக்கரையிலுமா இல்லை?

“இன்னா லைட்டு? எங்க கீது உன் லைட்டு? ஏரி உங்கப்பன் வூட்டு ஏரியா?”

மற்றவர்கள் நடுங்கிப் போனார்கள். வீணா நடுங்கவில்லை. கேத்தரினின் வீங்கிய உதட்டை ஒரு பார்வை பார்த்தாள், அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு தாளைக் கிழித்து பிரஷ்ஷோடு நீட்டினாள்.

“அதோ அந்த மரத்துக்குக் கீழ நிழல் விழுதே, அது என்ன கலர்?”

“கருப்பு.”

“நல்லா பாருங்க.”

கேத்தரின் பார்த்தாள். கருப்பு இல்லை. ஊதா. ஊதாவுக்கு உள்ளே கொஞ்சம் நீலம். எத்தனையோ விடியற்காலை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை. அடி வாங்கியது தவிர இன்னும் என்னென்ன போயிற்று தனக்கு என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அழுத வேகத்திலேயே பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அவர்களுக்குச் சில பழக்கங்கள் உண்டு. போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, இடத்தில் உட்கார்ந்துதான் வரைய வேண்டும். முதலில் நிழல்களைப் போட்டுவிட வேண்டும். வெயில் ஏற ஏற நிழல் நகரும், நாம் நகர்த்தக் கூடாது. படம் முடிந்ததும் கீழே இடம், தேதி, வெளிச்சம் விழுந்த நேரம் எல்லாம் எழுத வேண்டும். அப்புறம் வீணா சொல்லிக் கொடுத்த ஒரு வேலை. ஏரியும் மரமுமாக எல்லாம் பச்சையாக இருந்தால் படம் செத்துப்போகும், எங்கேயாவது துளி சிவப்பு வை, பச்சை தானாக எழுந்து நிற்கும். சிலர் அதற்காக ஒரு கொடியை வைப்பார்கள், சிலர் ஒரு பூ வைப்பார்கள். இல்லாததை வைத்தோமே என்று யாரும் வருத்தப்பட்டது கிடையாது. படம் போடுகிறவர்களுக்கு அது உப்புப் போடுகிற மாதிரி.

கேத்தரின் ஒரு ஆளை வைத்தாள். சிவப்புச் சட்டை போட்ட ஆள். தூரத்தில், நகத்தளவு, எதையோ எடுக்கக் குனிந்த மாதிரி. ஏன் குனிந்திருக்கிறான் என்று வீணா கேட்டதற்கு, நிமிர்ந்து நின்றால் மரத்தோடு சண்டைக்கு வருகிறான் என்றாள். பொருத்தமான பதில்தான். அவளே அதை நம்பினாள்.

தோசைக்கல் விவகாரம் அதற்கு அடுத்த வருஷம். ஒரு விடிகாலையில் யூஜின் பெல்ட்டைத் தேடும்போது கட்டிலுக்கு அடியில் இருந்த அவளுடைய படங்கள் கையோடு வந்தன. பெல்ட்டை விட்டுவிட்டு அவற்றைக் கிழிக்க ஆரம்பித்தான். அவள் ஓடவில்லை. அடுப்பங்கரைக்குப் போய்த் தோசைக்கல்லை எடுத்து வந்து, குனிந்திருந்த அந்தச் சிவப்புத் தோளில் பலம் முழுவதையும் கூட்டிப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவை ஓங்கினாள். யூஜின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி, பிரேசர் டவுனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவன்தான், திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் துரத்தாமலே கேத்தரின் விடியலுக்கு முன் எழுந்தாள். பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். ஏரியில் படம் போட்டு முடித்துவிட்டு நேரே ஃபேக்டரிக்குப் போவாள். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அன்றைய படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பாள். கீழே தேதி, நேரம், அதோடு தன் சொந்தச் சரக்காக ஒரு வரி: ‘நேரில் பார்த்துப் போட்டது.’ போட்டோவைப் பார்த்து வரைகிறவர்கள் மேல் அவளுக்கு அவ்வளவு இளக்காரம். லைனில் இருக்கும் பெண்கள் எல்லாம் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கி அனுப்புவார்கள். அந்தப் பெருமையைக் கேத்தரின் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுவாள்.

பக்கத்து மேசையில் பார்கவி என்று இன்னொரு செக்கர். ஏரியை ஒட்டின ஊர்க்காரி. அவள் புருஷன் ரவியும் ஊர் ஆட்கள் சிலரும் சேர்ந்துதான் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தார்கள். ஒரு புதன்கிழமை பார்கவி கண் சிவந்து வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நேத்து நீங்க ஏரிப் படம் வச்சிருந்தீங்களே. மதகுகிட்ட குனிஞ்சிருக்கானே ஒரு செவப்புச் சட்டைக்காரன், யாரு அவன்?”

“யாரோ ஒருத்தன்.”

“நேர்ல பார்த்தீங்களா?”

“பார்க்காம போடுவேனா நான்?” என்று கேத்தரின் சிலிர்த்துக்கொண்டாள்.

பார்கவி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்று அதிகாலை ஏரி மீன் மொத்தமும் வயிறு மேலே தெரிய மிதந்த கதையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. செய்தவன் தப்பிவிடுவான், வாயைத் திறக்காதே என்று ரவி சொல்லி அனுப்பியிருந்தான். புதன்கிழமை மழை தூறியதால் கேத்தரின் ஏரிப் பக்கம் போகவில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வியாழக்கிழமை இருட்டு விலகும் நேரத்தில் அவள் கரை மேல் ஸ்கூட்டரை ஏற்றியபோது முதலில் வந்தது நாற்றம். அப்புறம் சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம்தான் அது, சதையில் அடி விழுகிற சத்தம். வெளியே நின்று கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

மதகைத் திறக்கும் இரும்புச் சக்கரத்தில் ஒருவனைக் கட்டிப் போட்டிருந்தார்கள். சுற்றி இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். கட்டப்பட்டிருந்தவன் சுந்தரம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன். பையன் என்று சொல்ல முடியாது, முப்பது தாண்டியவன். செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிற லாரியில் வேலை. லாரி ஓனர் கொடுத்த சிவப்பு டி-ஷர்ட் அவன் உடம்பில் பாதி கிழிந்து தொங்கியது. ஒரு கை இருக்கக் கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. வாயிலிருந்து வழிந்தது எச்சிலா ரத்தமா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை.

“இல்லீங்கண்ணா, நான் மருந்து கொட்டலீங்க. தாயி சத்தியமா கொட்டலீங்க” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் யாராவது ஒருவர் உதைத்தார்கள்.

ரவிதான் அவளை முதலில் பார்த்தான். கையில் வலை கட்டுகிற மூங்கில் கழி. முகம் மலர்ந்துவிட்டது. கன்னடமும் தமிழும் கலந்து வரவேற்றான்.

“பன்னி அக்கா, பன்னி! வாங்க! லே, வழி விடுங்க, சாட்சியே வந்தாச்சு!”

கூட்டம் மரியாதையோடு விலகி வழிவிட்டது. ஒருவன் அவள் ஸ்கூட்டரைக்கூட ஸ்டாண்டு போட்டு வைத்தான். ரவி தன் போனை நீட்டினான். அதில் அவள் போட்ட செவ்வாய்க்கிழமைப் படம். விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, ஏரியும் மரமும் வெளியே போய், சிவப்பு மட்டும் திரை முழுக்க அப்பிக்கிடந்தது.

“இவன்தானே? சரியா நோடி, பார்த்துச் சொல்லுங்க அக்கா. நீங்கதான் நேர்ல பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க. டைம்கூடப் போட்டிருக்கீங்க.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒருத்தன் இல்லை, நானாக வைத்தேன் என்று. இருபது பேர் அவளை ஒரு மேடத்தைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நேரில் பார்த்துப் போட்டது என்று மார்தட்டியதெல்லாம் பொய்யா என்று கேட்பார்களே என்று ஒரு கணம் வெட்கம் வந்தது. இழவு பிடித்த வெட்கம்.

“தூரத்துல... சரியா தெரியல” என்றாள்.

அவ்வளவு போதுமாக இருந்தது. தெரியவில்லை என்ற சொல் ரவியின் காதில் பயந்துபோய்ச் சொல்லும் ஆமாம் போல ஏறியது. திரும்பிய வேகத்தில் மூங்கிலின் முனையைச் சுந்தரத்தின் முகத்தில் குத்தினான். அவன் கத்திய கத்தலில் தண்ணீரில் இருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. இடது கண் இருந்த இடத்திலிருந்து ரத்தம் கொட்டியது.

கேத்தரின் உடம்பு அவள் சொல்லாமலே பாய்ந்தது.

“அடிக்காதீங்கடா! அப்படி ஒருத்தன் இல்லவே இல்ல! நானா வச்சேன்டா அவனை! படம் நல்லா வரணும்னு வச்சேன்!”

“சட்டை இருக்கு, ஆளு இல்லையா?” யாரோ சிரித்தான்.

“இப்பதான் சரியா தெரியலன்னே. அதுக்குள்ள இல்லவே இல்லையா?” ரவியின் குரலில் இருந்த மரியாதை கழன்று விழுந்தது. “ஓ. உங்க தமிழ் ஆளுன்னு காப்பாத்தப் பாக்கறியா? மீனு செத்தா உனக்கு ஏனு? என் வயிறுதானே எரியுது!”

மறுபடி கழியை ஓங்கினான். கேத்தரின் தோளில் மாட்டியிருந்த ஸ்டூலை உருவி அவன் மூக்கின் மேல் இறக்கினாள். இரும்புக் கால் வைத்த ஸ்டூல். மூக்கு உடைந்தது. அதன் பிறகு அவளுக்கு விழுந்த அடிகளை எண்ண முடியாது. யாரோ தலைமுடியைப் பிடித்துச் சுழற்றித் தரையில் தள்ளினான். விலாவில் ஒரு ஷூ இறங்கியது. இன்னொருவன் அவளுடைய கலர் பெட்டியை மிதித்து நொறுக்கினான். அவள் யூஜினிடம் பழகியதெல்லாம் இப்போது கைகொடுத்தது. தலையை முழங்கைகளுக்கு நடுவே வைத்துச் சுருண்டுகொள்ளத் தெரியும், மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று தெரியும். சுருண்டபடியே ரவிக்கைக்குள் இருந்த போனை எடுத்து, திரையைத் திறந்து, கையை மேலே நீட்டினாள்.

“பாருங்கடா! கண்ணிருந்தா பாருங்க! எல்லாப் படத்தையும் பாருங்க!”

கூட்டத்தில் வயதானவர் ஒருவர் என்னதான் இருக்கிறது என்று போனை வாங்கினார். விரலால் தள்ளினார். இதே ஏரி, சிவப்புச் சட்டைக்காரன் குனிந்திருந்தான். அடுகோடித் தெரு, அங்கேயும் தெருக்கோடியில் குனிந்திருந்தான். சர்ச் வாசல், குனிந்திருந்தான். ரயில் தண்டவாளம், கல்லறைத் தோட்டத்து மதில், லாரி ஸ்டாண்டு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தான். ஒரே ஆள், ஒரே குனிவு, எல்லாவற்றிலும் தூரத்தில்.

“இவன் எல்லா இடத்துக்குமா வந்தான்?” என்று கேட்டாள் கேத்தரின். அவள் வாயில் ரத்தம் இருந்ததால் வார்த்தை குழறியது. “தண்டவாளத்துல இன்னா மருந்து கலக்கினான்? கல்லறையில எந்த மீனைக் கொன்னான்? சொல்லுங்கடா!”

போன் கைக்குக் கை மாறியது. ஓங்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்த அமைதியில் சுந்தரம் முனகுவது மட்டும் கேட்டது. ரவி உடைந்த மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து குனிந்து பார்த்தான். அவன் குரலில் இப்போது கோபம்கூட இல்லை.

“அப்ப யாரு இவன்?”

“என் புருஷன்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வீணாவிடம் சொன்னது, தனக்குத் தானே சொல்லிக்கொண்டது எல்லாம் அந்த ஏரிக்கரையில் பொடிப்பொடியாகப் போனது. எழுந்து உட்கார்ந்தாள்.

“பெல்ட்டை எடுக்கக் குனியறான். காலங்காத்தால என்னை அடிக்கறதுக்கு. அவன் குனிஞ்சாத்தான் நான் வெளிய ஓட முடியும். இப்பவும் அவன் எங்க இருக்கான்னு தெரியாம என்னால ஒரு கோடு போட முடியாது. அதான் அங்க வைக்கறேன், தூரத்துல, நகத்தளவுல. நிமிராம அங்கயே கெடக்கட்டும்னு.”

கூட்டமாக வந்து அடித்தவர்கள் தனித்தனியாகத்தான் போவார்கள், எப்போதும் அப்படித்தான். முதலில் ஓரத்தில் இருந்தவர்கள் நழுவினார்கள். பிறகு பைக்குகள் கிளம்பும் சத்தம் கேட்டது. கட்டை அவிழ்க்க யாரும் வரவில்லை. கேத்தரினே விலாவைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். சூரியன் அப்போதுதான் மரங்களுக்கு மேலே வந்தது. செத்த மீன்கள் எல்லாம் பளபளவென்று மின்னின. அழகாக இருந்ததுதான் கொடுமை.

சுந்தரத்தின் கண் போய்விட்டது. கை கூடிவிடும், கண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரவியையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மீன் எதனால் செத்தது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

கேத்தரின் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதல் இரண்டு நாள் அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் முறை போனபோது, “அந்தப் படத்தைக் காட்டுங்க” என்றான். போனை முகத்துக்கு அருகே வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

“என் சட்டை முதுகுல ஓனர் போன் நம்பர் இருக்கும். பெருசா, வெள்ளையில. இதுல நம்பரே இல்லீங்களே அக்கா. அதைக்கூடவா பாக்கல அவங்க?”

கேத்தரினுக்குத் தாங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். “நான் மொதல்லயே சொல்லியிருந்தா உன் கண்ணு இருந்திருக்கும்” என்றாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஃபேக்டரியில் பார்கவி அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே எழுந்து வந்தாள்.

“என் புருஷன் உள்ள இருக்கான். உங்க படத்தால.”

“என் படமா அடிச்சது? உன் புருஷன் கை அடிச்சது.” கேத்தரினின் கை தன்னால் மேலே எழும்பியது. அறைந்திருப்பாள்.

“நேர்ல பார்த்தீங்களான்னு உங்களைக் கேட்டேன் இல்ல அக்கா?” என்றாள் பார்கவி. “கேட்டுட்டுத்தானே அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பினேன்.”

ஓங்கிய கையை கேத்தரின் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு இறக்கினாள்.

சுந்தரம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளில் அவன் ஒன்று கேட்டான். காசு கேட்பான், வேலை கேட்பான் என்றெல்லாம் அவள் தயாராக இருந்தாள்.

“அந்த ஏரியை ஒரு தடவை போட்டுக் குடுங்க. ஆளே இல்லாம. ஒருத்தனும் இருக்கக் கூடாது.”

“எதுக்குப்பா?”

“கண்ணை மூடினா அவங்க எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க.”

மறுநாள் விடியலுக்கு முன் கேத்தரின் ஏரிக்கரையில் இருந்தாள். ஸ்டூலின் ஒரு கால் வளைந்திருந்தது. முதலில் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காரப் பார்த்தாள். அங்கிருந்து மதகு தெரியவில்லை. திறந்த கரையிலேயே வந்து உட்கார்ந்தாள். நிழல்களைப் போட்டாள். ஊதா வந்தது, ஊதாவுக்குள் நீலம் வந்தது. தண்ணீரைப் போட்டாள். மதகைப் போட்டாள். மதகுக்குப் பக்கத்தில் வெறும் இடம். கை அந்தச் சிவப்பைத் தேடிப் போயிற்று. புதிதாக வாங்கிய பெட்டியிலிருந்த சிவப்புக் கலர் வில்லையை எடுத்துத் தண்ணீரில் வீசி எறிந்தாள்.

எறிந்ததுமே பயம் பிடித்துக்கொண்டது. அவன் இப்போது எங்கே? அங்கே இல்லை என்றால் எங்கே? பின்னால் சரளைக்கல் நகர்ந்தது. திரும்பினாள், நாய். மறுபடி திரும்பினாள், ஒன்றும் இல்லை. பழைய நாட்களில்கூட இந்தக் கரையில் இவ்வளவு பயந்ததில்லை. முதுகுத் தோல் முழுக்க அடியை எதிர்பார்த்துச் சுருங்கிக் கிடந்தது. மரம் கோணலாக வந்தது, ஒரு இடத்தில் தண்ணீர் சிந்தி வானம் கலைந்தது. வியர்வையில் ரவிக்கை நனைந்தது. ஓடிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். எழுந்த இரண்டு முறையும் சுந்தரத்தின் ஒற்றைக் கண் ஞாபகம் வந்தது, உட்கார்ந்தாள். வெயில் ஏறி ஃபேக்டரிச் சங்கு ஊதியபோது படம் முடிந்திருந்தது. அவள் போட்டதிலேயே மோசமான படம். கீழே தேதி எழுதினாள், நேரம் எழுதினாள். நேரில் பார்த்துப் போட்டது என்று எழுதினாள்.

அன்று மாலை லாரி ஓனரின் ஷெட்டில் சுந்தரம் தங்கியிருந்த அறைக்கு அதை எடுத்துப் போனாள். அவன் படத்தை விளக்குக்குக் கீழே பிடித்து, தலையைச் சாய்த்து, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் தேடினான்.

“மரத்துக்குப் பின்னால?”

“இல்ல.”

“மதகுகிட்ட?”

“இல்லப்பா. யாரும் இல்ல.”

இன்னொரு முறை பார்த்தான். அவசரமே படவில்லை.

“சரி, அப்ப மாட்டுங்க அக்கா” என்றான்.

அவன் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள், திரும்பி வந்து, மரத்துக்குப் பின்னால் தானும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.